நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் ஓடிஏ வேலை: சேரலாமா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்

கோவை_டூ_பிராம்ப்டன் | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் பிஓடி (ஆக்குபேஷனல் தெரபி, அதாவது உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளை மறுபடியும் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்தவள். நாலரை வருடப் படிப்பு, அப்புறம் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பக்கவாத வார்டில் நான்கு வருடம். கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இங்கே ஓடியாக, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பதிவு செய்ய, வெளிநாட்டில் படித்தவர்கள் அகோட்ரோ என்ற ஒழுங்குமுறைக் கூட்டமைப்பின் சீஸ் மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும், பிறகு தேசியத் தேர்வு. தாள்கள் எல்லாம் அனுப்பியாயிற்று. எப்போது முடியும் என்று ஜோசியரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் ஓடிஏ/பிடிஏ (ஓடிக்கும் பிசியோவுக்கும் உதவியாளர்) வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தெரபிஸ்டாக இருந்தவள் உதவியாளராகப் போவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. மாமனார் "ஆயா வேலையா?" என்றே கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியவில்லை.

நாள் முழுக்க என்னதான் செய்வார்கள்? நாளைக்கு ஓடி ஆகும்போது இந்த அனுபவம் உதவுமா? உடம்பு தாங்குமா? எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி உண்டு.

நிர்வாகி | செவ்வாய், இரவு 9:58

நல்ல கேள்வி. ஒரே ஒரு வேண்டுகோள்: இல்லத்தின் பெயர், கம்பெனி பெயர், ஆட்களின் பெயர் யாரும் போட வேண்டாம். போன தடவை போல் இழையைப் பூட்ட வைக்காதீர்கள்.

ஸ்காபரோ_ஓடிஏ | செவ்வாய், இரவு 11:15

பதினொரு வருடமாக இதே வேலை. மூன்று இல்லங்கள் பார்த்தாச்சு.

முதலில் ஒன்று. விளம்பரத்தில் ஓடிஏ/பிடிஏ என்று சேர்த்துப் போட்டிருந்தால் முக்கால்வாசி பிடிஏ வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த இடங்களில் பிசியோ வாரத்தில் சில நாள் வருவார். ஓடி ஒப்பந்தத்தில் வந்துபோகிறவர். சக்கர நாற்காலி, மெத்தை, படுக்கைப் புண் என்று ஏதாவது வந்தால்தான் அவருக்குத் தொலைபேசி போகும். அவர் மாதத்தில் இரண்டு தரம் பார்க்கிற ஆளை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். இந்த வேலையின் கஷ்டம், ருசி இரண்டுமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

காலை எட்டுக்கு உள்ளே போனால் நான் செய்கிற முதல் வேலை நடைபாதையில் ஒரு சுற்று. யார் நாற்காலியில் சரிந்து கிடக்கிறார், யாருடைய கால்தாங்கி காணாமல் போயிருக்கிறது, யாருடைய மெத்தை யாருக்குக் கீழே இருக்கிறது என்று பார்ப்பேன். ரோஹோ என்று காற்றறைகள் வைத்த மெத்தை ஒன்று உண்டு, விலை கூடியது. உறையைத் துவைத்துப் போட்டவர் மெத்தையைத் தலைகீழாக வைத்திருப்பார். சரியாக இருந்தாலும் கையை அடியில் விட்டுப் பார்க்க வேண்டும்: உட்காரும் எலும்புக்கும் அடித்தட்டுக்கும் இடையில் அரை அங்குலத்துக்குக் குறையாமல் காற்று இருக்க வேணும். எலும்பு தட்டில் முட்டினால் அன்றைக்கே ஊதாவிட்டால் அடுத்த கிழமை புண்.

அப்புறம் நடைப் பட்டியல், கைகால் மூட்டு அசைவு, சுருங்கிப்போன விரல்களுக்கு ஸ்பிளிண்ட் என்ற தாங்குபிடி. அதைப் போட்டு அரை மணியில் கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மூன்று பேர். பின்னேரம் கணினியில் பதிவு. நடுவில் புது நாற்காலி வந்தால் நாள் அதோடு சரி. ஒன்ராறியோ மாகாணத்தில் ஏடிபி என்ற அரசு உதவிக்கருவித் திட்டம் நாற்காலிக்கு 75 சதவீதம் தரும், மிச்சம் 25 குடும்பத்தின் தலையில். படிவத்தில் கையெழுத்துப் போடுவது ஓடி. முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி விட்டு, டேப்பைப் பிடித்தபடி தரையில் மண்டியிட்டிருப்பது நீங்கள்.

இடுப்பு: ஆளைத் தூக்குவது கிடையாது. அதற்கு இயந்திரம், இரண்டு பேர். இடுப்பைத் தின்பது குனிதல்தான். உருளும் குட்டி ஸ்டூல் ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள்.

ஓடி ஆவதற்கு இதை நேரடியாகக் கணக்கில் எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ஆனால் தேர்வில் வருகிற கதைகள் எல்லாம் இந்த ஊர்க் கதைகள். ஏடிபி என்ன, பிஎஸ்டபிள்யூ (கழுவி, உடுத்திவிடுகிற பராமரிப்புப் பணியாளர்) என்ன செய்வார் என்று கண்ணால் பார்த்தவருக்கு அது பாடம் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயர் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் மதிப்பீடு செய்யவோ திட்டத்தை மாற்றவோ முடியாது. வாய் ஊறும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, படிப்பில் இருந்தும் பலருக்குப் பழகாத விஷயம். இந்த வேலையில் கஷ்டமான தொழில்நுட்பம் சும்மா இருப்பதுதான். அவர் பொத்தானைத் தேடுவார், கிடைக்காது, விரல் வழுக்கும், மறுபடியும் தேடுவார். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேணும். என் கைகள் தன்பாட்டில் எழும்பி நீளும். முதல் வருடம் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்க்கம்_மகள் | புதன், காலை 7:20

இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மா ஒரு இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் காலையில் திடீரென்று போனேன். அம்மா ஒரு கார்டிகனோடு போராடிக்கொண்டிருக்கிறார், ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். கேட்டால் "சிகிச்சை" என்றார். எண்பத்து மூன்று வயதில் என்ன சிகிச்சை? என் அம்மா எங்கள் ஆறு பேருக்கும் ஊட்டி வளர்த்தவர். அவருக்கு ஒரு சட்டை போட்டுவிட ஆளில்லையா? வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்ற குற்ற உணர்வு ஏற்கெனவே போதும். இதையும் பார்க்க வேண்டுமா?

ஸ்காபரோ_ஓடிஏ | புதன், மாலை 6:45

அக்கா, உங்கள் கோபம் விளங்குகிறது. எங்கள் ஆக்களுக்குச் செய்துகொடுப்பதுதான் அன்பு. என் வீட்டிலும் அதுதான். ஒரு கதை சொல்கிறேன், அடையாளம் எல்லாம் மாற்றித்தான்.

யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது; விரல் கொஞ்சம் மடங்கும், ஒன்றையும் பிடிக்காது. ஓடி போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை: இடது கையில் தடித்த பிடி வைத்த கரண்டி, ஒரு பக்க விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத டைசெம் விரிப்பு. அம்மம்மா கரண்டியைத் தொடவே இல்லை. யாராவது ஊட்டினால் நாலு வாய், அவ்வளவுதான். மூன்று நாளும் பதிவில் "மறுக்கிறார்" என்று விழுந்தது. மனச்சோர்வாக இருக்குமோ, மாத்திரை தொடங்கலாமோ என்கிற அளவுக்குப் பேச்சுப் போனது.

நாலாம் நாள் நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "ஏன் அம்மம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பீச்சங்கையால சாப்பிடச் சொல்லுறியே பிள்ளை?"

அவ்வளவுதான் விஷயம். அந்த மேசையைச் சுற்றி நின்ற ஏழு பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்ற மூன்று நாள் எடுத்தது, அதுதான் வெட்கம்.

திட்டத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை, பார்த்ததை எழுத உண்டு. அன்றைக்கே ஓடிக்கு எழுதினேன். வியாழக்கிழமை அவர் வந்தார். அம்மம்மாவின் வலது கையை மெதுவாகத் தூக்கி மேசையில் வைத்து, விரல்களைத் தட்டின் விளிம்பில் படிய வைத்தார். விழுந்த கை தட்டைப் பிடித்திருக்கட்டும், மற்றக் கை கரண்டியை எடுக்கட்டும். ஓடிக்கு இதற்குப் பாடப்புத்தகக் காரணம் இருக்கிறது: அந்தக் கையை மூளை மறக்காமல் இருக்கும், தட்டும் நகராது. அம்மம்மாவின் காரணம் வேறு. சோத்துக்கை தட்டில் படுகிறது. அது போதும் அவருக்கு. அன்றைக்கு மகன் குழைசாதம் கொண்டுவந்திருந்தார். பதினொரு கரண்டி, நான் எண்ணினேன்.

உங்கள் அம்மாவின் கார்டிகனுக்கு வருகிறேன். தோள், முழங்கை, விரல் மூன்றும் ஒரு நாளில் ஒரே ஒரு தரம் முழுதாக அசைவது அந்தச் சட்டையைப் போடும்போதாக இருக்கலாம். இன்றைக்கு நாங்கள் போட்டுவிட்டால் மூன்று மாதத்தில் அந்தத் தோள் உயராது. தோள் உயராவிட்டால் பிறகு போட்டுவிடுவதே வேதனை. ஒவ்வொரு காலையும் அலறல். அந்தப் பெண் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும், அது அவருடைய பிழை.

ராத்திரி_ஷிப்ட்_பிஎஸ்டபிள்யூ | புதன், இரவு 11:50

ராத்திரி ஷிப்ட் என்று பெயர், இப்போது பகல்தான். கதை நல்லாயிருக்கு தங்கச்சி. இப்ப என் பக்கத்தையும் கேளுங்கோ.

ஏழு மணிக்கு உள்ளே வருகிறேன். எட்டரைக்குக் காலைச் சாப்பாடு. என் பட்டியலில் எட்டுப் பேர். எழுப்பி, கழுவி, டயப்பர் மாற்றி, உடுத்தி, பல்செட் போட்டு, நாற்காலியில் ஏற்றி, மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். தொண்ணூறு நிமிடத்தை எட்டால் பிரியுங்கோ. பதினொரு நிமிடமும் சில்லறையும். அதில் இரண்டு பேரை லிஃப்ட் இயந்திரத்தில் தூக்க வேண்டும், அதற்கு மற்றப் பணியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருத்தர் அடிப்பார்.

நீங்கள் ஒருத்தரோடு இருபத்தைந்து நிமிடம் கை மடியில் வைத்து உட்காரலாம். நான் உட்கார்ந்தால் எட்டாவது ஆளுக்குச் சாப்பாடு இல்லை. பிறகு பராமரிப்புத் திட்டக் கூட்டத்தில் "பிஎஸ்டபிள்யூ எல்லாவற்றையும் செய்துவிடுகிறார், சுயமாகச் செய்ய விடுவதில்லை" என்று எழுதுவது யார்? நீங்கள்தான்.

வேலூர்_பழையவர் | வியாழன், காலை 5:30

மாமனார் கேட்ட கேள்விக்கு: நான் படிக்கச் சேர்ந்த நாளில் என் அப்பா "கூடை முடையச் சொல்லிக்கொடுக்கிற படிப்பா?" என்று கேட்டார். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் 1950இல் பம்பாய் கேஇஎம் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளிதான் நம் நாட்டில் இந்தப் படிப்புக்குப் பிள்ளையார் சுழி. இத்தனை வருடம் ஆகியும் தமிழில் ஒழுங்கான பெயர் கிடைக்கவில்லை. விசிட்டிங் கார்டில் "தொழில்வழிச் சிகிச்சை" என்று போட்டேன். மகனுக்கு வேலை வாங்கித் தர முடியுமா என்று ஒருவர் பயோடேட்டாவோடு வந்துவிட்டார்.

நம் ஊரில் உதவியாளர் என்ற அடுக்கே கிடையாது. ஓடியே எல்லாம் செய்வார், மிச்சத்தை ஆயாம்மா பார்ப்பார். அதனால்தான் அந்தக் கேள்வி வருகிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். இறங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்ப ஏறுவதில்லை. சம்பளம் வரத் தொடங்கியதும் சீஸ் கோப்பு அலமாரிக்குப் போய்விடும். தேதி குறித்துக்கொண்டு சேருங்கள்.

நியூஜெர்சி_கோட்டா | வியாழன், இரவு 8:10

அமெரிக்கப் பக்கத்திலிருந்து. நான் கோட்டா, இங்கே ஓடி உதவியாளருக்கு அதுதான் பெயர். இரண்டு வருட அசோசியேட் பட்டம், என்பிகாட் என்ற தேசியத் தேர்வு, மாநில உரிமம். கனடா மாதிரி இல்லை, உதவியாளருக்கும் உரிமம் வேண்டும்.

உங்கள் நிமிடக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இங்கே அது தனிப் புராணம். 2019 செப்டம்பர் வரை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பார்ட் ஏ பிரிவில் தெரபி நிமிடத்துக்குத் தகுந்தபடி பணம். வாரத்துக்கு 720 நிமிடத்தைத் தொட்டால் உச்சப் பிரிவு. எண்பது வயதுக்காரருக்கு மூச்சு வாங்கினாலும் 720தான். 708இல் நின்றால் வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் ஓடி வருவார், இன்னொரு பன்னிரண்டு நிமிடத்துக்கு ஆளை எழுப்பு என்று. நான் எழுப்பியிருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

2019 அக்டோபர் 1 அன்று பிடிபிஎம் என்ற புது முறை வந்தது. நிமிடத்துக்குப் பதிலாக நோயாளியின் நிலையை வைத்துப் பணம். நல்லதுதானே? அந்த வாரமே எங்கள் இடத்தில் மூன்று பேருக்கு வேலை போனது. நேற்று வரை 720 நிமிடம் இல்லாமல் தேற மாட்டார் என்று சொல்லப்பட்ட அதே ஆள், மறுநாளிலிருந்து பாதியில் தேறுவாராம். குழுவாகச் செய்வதற்கும் ஒரே நேரத்தில் இருவருக்குச் செய்வதற்கும் சேர்த்து 25 சதவீத எல்லை வைத்தார்கள். அது இல்லாவிட்டால் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பலூன் தட்ட விட்டிருப்பார்கள்.

அப்புறம் 2022 ஜனவரி 1 முதல் மெடிகேரின் இன்னொரு பிரிவான பார்ட் பி-யில் உதவியாளர் செய்த வேலைக்கு வழக்கமான கட்டணத்தில் 85 சதவீதம்தான். அதே சட்டை, அதே பொத்தான், அதே கிழவர். நான் உட்கார்ந்தால் விலை குறைவு.

இதற்கெல்லாம் மேலே புரொடக்டிவிட்டி. எங்கள் இடத்தில் 90 சதவீதம். எட்டு மணி நேரத்தில் ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் நோயாளியோடு இருந்ததாகக் கணக்கு வர வேண்டும். மிச்சம் 48 நிமிடத்தில் அறைக்கு அறை நடப்பது, காணாமல் போன வாக்கரைத் தேடுவது, எழுதுவது, கழிப்பறை போவது. நான் நோயாளி உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கும்போதே பக்கத்தில் நின்று தட்டச்சு செய்யப் பழகிவிட்டேன். அவர் பேசுவார், நான் "ம்" என்பேன். அந்த "ம்"க்கும் பில் போகும்.

ஸ்காபரோ_ஓடிஏ | வியாழன், இரவு 10:30

பிஎஸ்டபிள்யூ அக்காவுக்குத்தான் முதலில். நீங்கள் சொன்னது சரி. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். எழுதின அடுத்த நாள் ஒரு அக்கா என்னிடம், "நாளைக்குக் காலமை நீ வந்து என்ர எட்டுப் பேரையும் உடுத்து, நான் எழுதுறன்" என்றார். போனேன். ஐந்து பேரோடு நின்றுவிட்டேன், மணி ஒன்பதேகால்.

அதற்குப் பிறகு கண்டுபிடித்தது: இருபத்தைந்து நிமிடத்தைக் கேட்கக்கூடாது, இருபது வினாடியைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கோ, கடைசிப் படியை மட்டும் அவருக்கு விடுங்கோ. சட்டையைத் தலை வழியாகப் போட்டு, கைகளை உள்ளே விட்டு, நெஞ்சு வரைக்கும் இறக்கிவிட்டு நிறுத்துங்கோ. கீழே இழுப்பது அவர் வேலை. அது பழகினால் அதற்கு முந்தின படி. பாடத்தில் இதைப் பின்னிருந்து கோர்ப்பது என்று சொல்லித்தருவார்கள், ஆனால் பாடத்தில் எட்டுப் பேர் காத்திருக்க மாட்டார்கள். இன்னொன்று, நேரமும் மிச்சமாகும்: பக்கவாதக் கை உடுப்புக்குள் முதலில் போக வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். மாறிச் செய்தால் மல்லுக்கட்டுத்தான். இதை ஒரு துண்டில் படமாக வரைந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வெளிப்பக்கம் ஒட்டாதேங்கோ, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான்; அது அவருடைய வீடு.

கணக்கு இங்கேயும் இருக்கிறது, நியூஜெர்சிக்காரர் மட்டும் அழ வேண்டியதில்லை. 2021இல் போட்ட சட்டம் ஒரு ஆளுக்கு நாளுக்குச் சராசரி நான்கு மணி நேரம் நேரடிப் பராமரிப்பு என்று இலக்கு வைத்தது. அது தாதியருக்கும் பிஎஸ்டபிள்யூவுக்கும். எங்கள் வகையறாவுக்குத் தனியாக 36 நிமிடம். கேட்க நன்றாக இருக்கும். அந்த 36இல் பிசியோ, ஓடி, சமூகப் பணியாளர், உணவியலாளர், பொழுதுபோக்குக்காரர் எல்லாரும் பங்கு. பிங்கோ விளையாட்டும் அதற்குள்தான்.

கோவை_டூ_பிராம்ப்டன் | வெள்ளி, மதியம் 1:05

எல்லாருக்கும் நன்றி. படித்துப் படித்து மாமனாருக்கும் வாசித்துக் காட்டினேன். சோத்துக்கை கதையில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

ஒரு சந்தேகம். மருத்துவமனையில் நாங்கள் பார்த்தவர்கள் பெரும்பாலும் தேறி வீட்டுக்குப் போனார்கள். இங்கே முதுமை மறதி உள்ளவர்கள்தான் அதிகம் என்கிறார்கள். மொழியும் தெரியாதே. என்ன செய்வது?

ஸ்காபரோ_ஓடிஏ | வெள்ளி, இரவு 9:20

மொழி அவர்களுக்கும் போய்விடும், கவலைப்படாதீர்கள். ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் ஒரு காலையில் சின்ன வயது மொழிக்குத் திரும்பிவிடுவார். தமிழ் ஐயாக்களோடு நான் மகாராணி. மற்றவர்களோடு கைதான் பேசும்.

இத்தாலியத் தாத்தா ஒருவர். போருக்குப் பிறகு டொராண்டோவுக்கு வந்த இத்தாலியர்களில் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஏராளம், இவர் கொத்தனார். பின்னேரம் மூன்று மணியானால் வெளிக்கதவை உலுக்கத் தொடங்குவார். தடுத்தால் அடி. ஸ்பாஞ்சில் செய்த விளையாட்டுச் செங்கல் கொடுத்துப் பார்த்தார்கள். கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு எறிந்தார். அவமானப்படுத்துகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஓடி குடும்பத்தோடு பேசி, பிறகு என்னிடம் ஒரு ரசமட்டம் கொடுக்கச் சொன்னார். நிஜமானது, கடையில் வாங்கியது. கையில் வாங்கியதும் தாத்தா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குமிழி ஓடுவதைப் பார்த்தார். பிறகு நடைபாதைக் கைப்பிடியில் வைத்தார். இரண்டடி நகர்ந்தார், மறுபடியும் வைத்தார். முழு நடைபாதையும் அப்படியே போனார். பின்னாலேயே நானும் போனேன். தாதியர் மேசைக்குப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி இத்தாலியனில் ஏதோ திட்டினார். போய்ப் பார்த்தேன். கைப்பிடி உண்மையிலேயே கோணல். பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு முறுக்க வைத்தோம்.

பதிவில் எப்படி எழுதினேன் தெரியுமா? "நடை, 15 நிமிடம், மேற்பார்வையுடன்." அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

நியூஜெர்சி_கோட்டா | வெள்ளி, இரவு 9:41

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். என் கோப்பிலும் இப்படி எத்தனை ஆள் "நடை, மேற்பார்வையுடன்" என்று கிடக்கிறார்களோ.

மார்க்கம்_மகள் | சனி, காலை 10:15

நேற்று அம்மாவின் ஓடிஏவிடம் நேரிலேயே கேட்டேன். தோள் எவ்வளவு உயர்கிறது என்று காட்டினார். நான் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று: சாப்பாடு கொண்டுபோனால் முதலில் தாதியிடம் காட்டச் சொன்னார். போன மாதம் நான் சும்மா தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன், அம்மாவுக்குப் புரையேறாமல் இருக்க எல்லாம் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டுமாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ராத்திரி_ஷிப்ட்_பிஎஸ்டபிள்யூ | சனி, காலை 11:02

கட்டிலுக்கு மேலே போர்டில் போட்டிருக்கும் அக்கா. ஆனால் அது எங்களுக்கு விளங்குகிற படம், உங்களுக்கு விளங்காது. கேளுங்கோ. கேட்டால் நாங்கள் கோபிக்க மாட்டோம்.

தங்கச்சி, கடைசிப் படி விஷயம் மூன்று பேரில் செய்து பார்த்தேன். ஒருத்தர் இழுத்தார். ஒருத்தர் என்னைப் பார்த்து "நீ எதுக்கு இருக்கிறாய்" என்றார். மூன்றாவது ஆள் நித்திரை.

கோவை_டூ_பிராம்ப்டன் | சனி, இரவு 10:00

கேட்கலாமா தெரியவில்லை. இறந்துபோவது?

ஸ்காபரோ_ஓடிஏ | ஞாயிறு, மாலை 5:35

கேட்கலாம். இங்கே வருகிறவர்களில் வீட்டுக்குத் திரும்புகிறவர் அபூர்வம்.

எங்கள் இல்லத்தில் உடலை முன்வாசல் வழியாகத்தான் கொண்டுபோவோம், மேலே ஒரு தையல் போர்வை போர்த்தி. நேரம் இருக்கிறவர்கள் நடைபாதையில் வரிசையாக நிற்போம். நல்ல வழக்கம். ஆனால் அது உங்கள் ஷிப்டில் நடந்தால்தான். மற்றபடி திங்கட்கிழமை காலை அச்சான பட்டியலில் பெயர் இருக்கும், அறைக்குப் போனால் கட்டில் வெறுமையாக இருக்கும். கணினியில் பெயரை எடுக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் "இன்றைய இலக்கு: 20 மீட்டர்" என்று அது காட்டிக்கொண்டே இருக்கும்.

குழைசாத அம்மம்மா போன கோடையில் போனார். அவருடைய கை ஸ்பிளிண்ட் என் இழுப்பறையில் கிடக்கிறது, உள்பக்கம் அவர் பெயர் எழுதினது. வேறு ஆளுக்குப் போடக்கூடாது, தொற்று விதி. எறிய வேண்டியதுதான். ஒவ்வொரு வெள்ளியும் எறியலாம் என்று எடுக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். நோய்ப் பரவல் என்று ஒரு தளத்தைப் பூட்டினால் எல்லாரும் அறைக்குள். இரண்டு கிழமை கழித்துக் கதவைத் திறந்தால், நவம்பரில் நடந்துகொண்டிருந்தவர்கள் டிசம்பரில் எழும்ப மாட்டார்கள். 2020ஐ நான் எழுத விரும்பவில்லை. அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

கோவை_டூ_பிராம்ப்டன் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:50

சேர்ந்துவிட்டேன். வேலூர் ஐயா சொன்னபடி சீஸ் கோப்பில் பெரிய எழுத்தில் தேதி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். ஸ்டூல் கேட்டேன், "பார்க்கிறோம்" என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானே வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாளே வாய் ஊறியது. ஒருவருடைய தோளைப் பார்த்ததும் என்ன பிரச்சினை என்று தெரிந்துவிட்டது, நாலு வருடம் பார்த்த தோள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு "இடது தோள் உயர்த்தும்போது முகம் சுளிக்கிறார், ஓடி பார்க்க வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து ஓடி வந்து, நான் நினைத்ததையே சொன்னார். சந்தோஷமா எரிச்சலா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பாட்டி. பஞ்சாபி, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஸ்வெட்டரில் ஐந்து பொத்தான். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு நிமிடம். நான்கைப் போட்டார், ஆனால் எல்லாம் ஒரு துளை தள்ளி; மேலே ஒரு துளை காலி, கீழே ஒரு பொத்தான் மிச்சம், ஒரு பக்கம் தொங்குகிறது. நான் தொடவில்லை. பாட்டி என்னைப் பார்த்துத் தலையை நிமிர்த்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தார். "மாஜி" (அம்மா) என்று சிரித்தபடி எல்லாவற்றையும் கழற்றி ஐந்தையும் சரியாகப் போட்டுவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

ராத்திரி_ஷிப்ட்_பிஎஸ்டபிள்யூ | ஞாயிறு, இரவு 9:14

அது எங்கள் தொழில் முழுக்க நடக்கிறது பிள்ளை.

ஸ்காபரோ_ஓடிஏ | ஞாயிறு, இரவு 9:30

மேலிருந்து போடத் தொடங்கினாரா? கழுத்துப் பொத்தான் கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் துளை தப்பும். நாளைக்குக் கீழிருந்து தொடங்கச் செய்யுங்கள். இரண்டு ஓரத்தையும் மடியில் வைத்துச் சேர்த்துக் காட்டுங்கள், அதற்கு மொழி தேவையில்லை. திட்டத்தை மாற்றுவதாக ஆகாது, ஆனாலும் ஓடிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மகன் எத்தனை மணிக்கு வருகிறார் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.